விதை முறுக்கமும் டாப்ளர் திரையும்: நிறத்தோடு நாணையும் பார்க்க வேண்டியது ஏன்?

அதிகாலை 3 மணிக்கு 13 வயதுச் சிறுவன் ஒருவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறான். இரண்டு முறை வாந்தி எடுக்கிறான். எங்கே வலிக்கிறது என்று அம்மா கேட்டால் வயிறு என்கிறான். வாய்வுப் பிடிப்பாக இருக்கும் என்று பாட்டி ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்; விடிந்ததும் மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவாகிறது. வலி விதைப்பையில்தான் தொடங்கியது என்பதைக் காலை 8 மணிக்கு, அப்பாவிடம் மட்டும், தயங்கித் தயங்கிச் சொல்கிறான். இது குறிப்பிட்ட ஒருவரின் கதையாக இங்கே சொல்லப்படவில்லை. ஆனால் அவசரப் பிரிவில் இருக்கும் எந்த மருத்துவரும் இந்த வரிசையை உடனே அடையாளம் கண்டுகொள்வார். அவன் ஸ்கேன் அறைக்கு வந்து சேரும்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது.

வயிறு என்று அவன் சொன்னது வெட்கத்தால் மட்டும் இருக்க வேண்டியதில்லை. கருவில் விதைகள் தோன்றுவது வயிற்றின் பின்சுவரில், சிறுநீரகங்களுக்கு அருகில். பிறப்பதற்கு முன்புதான் அவை இறங்கி விதைப்பைக்கு வருகின்றன. வரும்போது தமக்குரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆகவேதான் விதைக்கு இரத்தம் தரும் முதன்மைத் தமனி தொடைப் பக்கத்திலிருந்து வராமல், சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே பெருந்தமனியிலிருந்தே கிளம்புகிறது. விதையில் ஏற்படும் வலியும் அடிவயிற்று வலியாக உணரப்படுகிறது. அடிவயிற்று வலி என்று வரும் சிறுவனின் விதைப்பையைப் பரிசோதிக்காமல் அனுப்பக் கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

தமனி, சிரைகள், நிணநீர்க் குழாய்கள், நரம்புகள், விந்துக்குழாய் எல்லாம் சேர்ந்து ஒரு கயிறுபோல விதையைத் தாங்கி நிற்கின்றன. இதை விந்து நாண் என்று சொல்லலாம். பெரும்பாலானோருக்கு விதையின் பின்பகுதி விதைப்பையின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் விதை சுழல முடியாது. சிலருக்கோ விதையைச் சுற்றியுள்ள மெல்லுறை அதை முழுவதும் சூழ்ந்து மேலே நாண்வரை போய்விடுகிறது. அப்போது விதை கோயில் மணியின் நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டு சுதந்திரமாகச் சுழலும். இந்த அமைப்பு பெரும்பாலும் இரு பக்கங்களிலும் இருக்கும். பூப்புப் பருவத்தில் விதையின் எடை விரைவாகக் கூடும்போது, ஒரு திடீர் தசை இழுப்பே அதைச் சுழற்றிவிடப் போதுமானதாகிறது. விதை முறுக்கம் 12 முதல் 18 வயதுவரை அதிகமாகக் காணப்படுவதும், தூக்கத்தில்கூட நேர்வதும் இதனால்தான். 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது வருவதாக மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. பிறந்த குழந்தைகளுக்கு வரும் முறுக்கம் வேறு வகை: அங்கே உறையும் சேர்ந்தே முறுக்கிக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

நாண் முறுக்கிக்கொண்டதும் எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் அடைபடுவதில்லை என்பதே இந்தக் கட்டுரையில் பிறகு சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை. சிரைகளின் சுவர் மெல்லியது, உள்ளழுத்தமும் குறைவு; எனவே முதலில் நசுங்குவது அவைதான். தமனியின் அழுத்தம் அதிகமாக இருப்பதால் இரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. விதை வீங்குகிறது, அந்த வீக்கமே தமனியையும் ஒடுக்குகிறது, முறுக்கு இன்னும் இறுகும்போது வரத்தும் நின்றுபோகிறது. ஈரத் துணியைப் பிழிவதுபோல அரைச் சுற்றும் உண்டு, இரண்டு முழுச் சுற்றும் உண்டு. சுற்று எத்தனை, இறுக்கம் எவ்வளவு என்பதைப் பொறுத்து, இந்தப் படிகளில் எதில் நோயாளி ஸ்கேன் மேசைக்கு வருகிறார் என்பது மாறும்.

நேரக் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். 6 மணி நேரத்துக்குள் முறுக்கு அவிழ்க்கப்பட்டால் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விதைகள் காப்பாற்றப்படுகின்றன, 12 மணி நேரத்தில் அது பாதியாகிறது, 24 மணி நேரத்துக்குப் பின் 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது என்பது நெடுங்காலமாகப் பாடநூல்களில் இருப்பது. 2019இல் வெளியான, பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தானதல்ல என்று காட்டியது: முதல் 6 மணி நேரத்தில் 97.2 விழுக்காடு, 7 முதல் 12 மணி நேரத்தில் 79.3, 13 முதல் 18இல் 61.3, 19 முதல் 24இல் 42.5. இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலாவது விரைவாகச் செயல்படச் சொல்கிறது. இரண்டாவது, தாமதமாக வந்தவரை இனிப் பயனில்லை என்று கைவிடாதே என்கிறது. 6 மணி நேரம் கடந்துவிட்டது என்பதற்காக அறுவை சிகிச்சையை மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

படம் எடுத்துப் பார்க்கும் வசதி இல்லாத காலத்தில் வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சந்தேகம் வந்தால் திறந்து பார்ப்பது. அப்படித் திறந்த பலருக்கு உள்ளே வெறும் அழற்சிதான் இருந்தது. 1973 முதல், டெக்னீஷியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சிரையில் செலுத்தி, அது எந்த விதைக்குப் போகிறது, எதற்குப் போகவில்லை என்று காமா கேமராவில் பார்க்கும் முறை வந்தது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அணு மருத்துவப் பிரிவு இரவில் திறந்திருப்பது அரிது, மருந்தைத் தயாரிக்கவும் நேரமாகும், சிறு குழந்தைகளின் விதையை அந்தப் படத்தில் பிரித்துப் பார்ப்பதும் கடினம். 1980களின் இறுதியில், இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முறையான கலர் டாப்ளர் வந்தபின் அந்த முறை மெல்ல ஓரங்கட்டப்பட்டது. இன்று உலகெங்கும் முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட்தான். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். சிறுவன் மல்லாந்து படுத்திருக்கிறான். தொடைகளுக்கு நடுவே சுருட்டிய துண்டு ஒன்று விதைப்பையைத் தாங்குகிறது. ஆண்குறி வயிற்றின்மீது தூக்கி வைக்கப்பட்டு இன்னொரு துணியால் மூடப்பட்டிருக்கிறது. ஜெல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த ஜெல் பட்டால் தசை சுருங்கி விதை மேலே ஏறிக்கொள்ளும். பயன்படுத்துவது அதிக அதிர்வெண் கொண்ட நேர்கோட்டுப் புரோப், அதாவது தோல்மீது வைத்து நகர்த்தும் கைப்பிடிக் கருவி. முதலில் வைக்க வேண்டிய இடம் வலியில்லாத பக்கம். வலியில்லாத விதையில் இரத்த ஓட்டம் தெளிவாகத் தெரியும்வரை கருவியைச் சரிசெய்துகொண்டு, அதே அமைப்பை மாற்றாமல் வலிக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். இறுதியில் இரண்டு விதைகளும் ஒரே படத்தில், மூக்குக் கண்ணாடியின் இரு வட்டங்கள்போல, பக்கத்தில் பக்கத்தில் விழும்படி ஒரு குறுக்குப் படம் எடுக்கப்படுகிறது. ஒரே திரையில் ஒன்று மாநிறமாகவும் ஒன்று கறுத்தும் தெரியும்போதும், ஒன்றில் நிறப் புள்ளிகள் மினுங்க மற்றதில் ஒன்றுமே இல்லாதபோதும், ஒப்பீடு தானே பேசிவிடுகிறது.

கருவியைச் சரிசெய்வது என்பது சிறிய விஷயமில்லை. கழுத்துத் தமனியில் இரத்தம் நொடிக்கு ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் வேகத்தில் பாய்கிறது. விதையின் உள்ளே இருக்கும் நுண் தமனிகளில் உச்ச வேகமே சராசரியாக 10 சென்டிமீட்டர் அளவில்தான். டாப்ளர் கருவி, நகரும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை அளந்து நிறமாகக் காட்டுகிறது. திசுக்களின் மெல்லிய அசைவுகளும் நிறமாகிவிடாமல் இருக்க, மிகக் குறைந்த வேகங்களை வடிகட்டி விலக்கிவிடுகிறது. முந்தைய நோயாளியின் கழுத்துக்கு வைத்த அமைப்பிலேயே ஒரு சிறுவனின் விதையைப் பார்த்தால், ஆரோக்கியமான விதையிலும் ஓட்டம் இல்லை என்றே திரை சொல்லும். மாறாக, உணர்திறனை அளவுமீறி உயர்த்தினால், இறந்துகொண்டிருக்கும் விதையிலும் இரைச்சல் புள்ளிகள் நிறமாகத் தெறிக்கும். வலியில்லாத பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பது இந்த இரு தவறுகளுக்கும் எதிரான ஒரே காப்பு. ஒரு மில்லிலிட்டர் அளவுகூட இல்லாத சின்னஞ்சிறு குழந்தைகளின் விதைகளில் இயல்பான ஓட்டத்தைக் காண்பதே பெரும்பாடு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. விதைக்குள் ஓட்டம் தெரிகிறது என்றால் முறுக்கம் இல்லை என்று பொருளா? இல்லை. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. சிரைகள் அடைபட்டு, தமனி இன்னும் திறந்திருக்கும் நிலையில் திரையில் நிறம் தெரியும். முறுக்கு சற்றே தளர்ந்து மீண்டும் இறுகும் இடைவெளியில் புரோப் வைக்கப்பட்டால், இரத்தம் வேகமாகத் திரும்பப் பாய்ந்து இயல்பைவிட அதிகமாகவே நிறம் தெரியும். அதைப் பார்த்து அழற்சி என்று எழுதி, ஆன்டிபயாடிக் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். ஐரோப்பியக் குழந்தை அறுவை மருத்துவ மையங்கள் பலவற்றைச் சேர்த்து 919 சிறுவர்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. முறுக்கம் உறுதியான 208 பேரில் 24 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, கலர் டாப்ளரில் இரத்த ஓட்டம் இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தது. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரும் தவறவிடப்பட்டிருப்பார்கள்.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது நாண். முறுக்கம் நிகழ்வது விதையில் இல்லை, அதற்கு மேலே நாணில். காரணம் இருக்கும் இடத்தைப் பார்க்காமல் விளைவு தெரியும் இடத்தை மட்டும் பார்ப்பது எப்படிப் போதும்? கவட்டியிலிருந்து தொடங்கி விதையின் பின்முனைவரை நாணை அங்குலம் அங்குலமாகப் பின்தொடர்ந்தால், முறுக்கிய இடத்தில் அது திடீரெனத் திசை மாறி, நத்தை ஓடுபோலச் சுருண்டு ஒரு முடிச்சாகத் தெரிகிறது. அதே 2007 ஆய்வில் இந்தச் சுருளைத் தேடியபோது முறுக்கம் இருந்தவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அது கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த அடையாளத்தோடு கோயம்புத்தூருக்கு நேரடித் தொடர்பு உண்டு. அங்கே ஸ்கேன் மையம் நடத்திவந்த எஸ். பூபதி விஜயராகவன், திடீர் விதைப்பை வலியோடு வந்த இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, அமெரிக்க அல்ட்ராசவுண்ட் மருத்துவ இதழ் ஒன்றில் 2006ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலையான படத்தில் முடிச்சைத் தேடுவதோடு நிற்காமல், புரோப்பை நாணின் நெடுகே மேலும் கீழும் நகர்த்தும்போது அந்த முடிச்சு திரையில் நீர்ச்சுழிபோலச் சுழல்வதைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. கலர் டாப்ளரை வைத்தால் குழாய்களும் அந்தச் சுழியோடு சுற்றுவது தெரியும், முறுக்கு முழுமையாக இருந்தால் சுழிக்குக் கீழே நிறம் நின்றுபோகும். நீர்ச்சுழி அடையாளம் என்ற பெயரில் இன்று அது உலகப் பாடநூல்களில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை எதுவும் இல்லாமல், ஒரு நகரத்து ஸ்கேன் மையத்தில், வந்த ஒவ்வொரு நோயாளியின் நாணையும் பொறுமையாகப் பின்தொடர்ந்த ஒருவரின் கவனத்திலிருந்து வந்தது அது என்பதைத் தமிழில் எழுதும்போது பெருமையோடு குறிப்பிடத் தோன்றுகிறது.

நாணைப் பார்க்க முடியாத இடத்தில், இரத்த ஓட்டத்தின் வேகம் ஏறி இறங்குவதை டாப்ளர் கோடாக வரைந்து காட்டும் அலைவடிவம் ஓரளவு கைகொடுக்கும். விதைத் தமனியில் இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இரத்தம் முன்னோக்கியே ஓடிக்கொண்டிருப்பது இயல்பு. வெளியேறும் வழி அடைபடும்போது, இதயம் விரியும் தருணத்தில் ஓட்டம் குறைகிறது, நிற்கிறது, சில நேரம் பின்னோக்கியும் திரும்புகிறது. நிறம் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் அலைவடிவத்தை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுவதற்குக் கூடுதலாக ஆவது ஒரு நிமிடம்தான்.

விதைப்பையில் திடீரென வரும் வலியெல்லாம் முறுக்கமாக இருப்பதில்லை. பெரும்பாலும் வேறு காரணங்களே இருக்கும். பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது, விதையின் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்னும் சுருள்குழலின் அழற்சி. அங்கே சுருள்குழல் தடித்து, நிறம் தீப்பற்றியதுபோலப் பரவித் தெரியும், சுற்றிலும் நீர் கோத்திருக்கும். நாண் தடித்திருந்தாலும் நேராகவே இருக்கும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு விதையின் மேல்முனையில் உள்ள மிகச் சிறிய தொங்குதசை ஒன்று முறுக்கிக்கொண்டு வலி தருவது சாதாரணம். ஓட்டமற்ற சிறு உருண்டையாக அது தெரியும், விதைக்குள் ஓட்டம் நன்றாக இருக்கும், ஓய்வும் வலி மாத்திரையும் போதும். கிரிக்கெட் பந்து பட்டோ வண்டியிலிருந்து விழுந்தோ வந்தவர்களிடம் தேட வேண்டியது விதையின் வெண்ணிற உறை கிழிந்திருக்கிறதா என்பதை: விளிம்பின் வெள்ளைக் கோடு அறுபட்டு, உருவம் கோணலாகியிருந்தால், மூன்று நாட்களுக்குள், இயன்றவரை உடனே, அறுவை சிகிச்சை தேவை. இரத்தம் கட்டிய பகுதி என்று நினைத்தது சில சமயம் புற்றுக்கட்டியாக இருக்கும் என்பதால், அறுவை தேவைப்படாதவர்களையும் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இன்னொன்றும் உண்டு. நாணின் நிணநீர்க் குழாய்களுக்குள் வாழும் முதிர்ந்த புழுக்கள் ஓயாமல் நெளிவதை அல்ட்ராசவுண்டில் நேரடியாகவே பார்க்க முடியும். ஃபைலேரியா நடனம் என்று அதற்குப் பெயர். இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் அது வெகுவாகக் குறைந்துவிட்டதால், இளம் ஸ்கேன் மருத்துவர்கள் பலர் அந்த நெளிவை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு திறன் இருந்தும், ஸ்கேன் எடுக்கவே கூடாத நோயாளியும் உண்டு. 2013இல் முன்வைக்கப்பட்ட ஒரு மதிப்பெண் முறை இதைத் தெளிவாக்குகிறது. விதைப்பையில் வீக்கம் இருந்தால் 2, விதை கல்லாக இறுகியிருந்தால் 2, தொடையின் உட்புறத்தைத் தடவினால் விதை மேலேறும் அனிச்சைச் செயல் இல்லையென்றால் 1, குமட்டலோ வாந்தியோ இருந்தால் 1, விதை மேலே ஏறி நின்றால் 1, மொத்தம் 7. மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக அறுவை அரங்கு. 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் முறுக்கத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் ஸ்கேன் அவசியம். தொடக்கத்தில் பார்த்த சிறுவனுக்கு வாந்தி இருந்தது. விதை வீங்கி, இறுகி, மேலேறியிருந்தால் அவனுக்கு ஸ்கேன் வரிசையில் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கேன் மருத்துவர் வரட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருப்பது அவனுக்கு நடுநிலையான முடிவன்று. அந்த ஒரு மணி நேரத்தை அவனுடைய விதையிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறோம்.

இந்தியாவில் இந்தக் காத்திருப்புக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. கருவின் பாலினம் அறிந்து கலைக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், ஸ்கேன் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், உரிய தகுதியுள்ளவரே அதை இயக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் ஒரு விளைவாக, மற்ற நாடுகளில் அவசரப் பிரிவு மருத்துவர் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் சிறு கருவி இங்கே அவ்வளவு எளிதாக நோயாளியின் பக்கத்துக்கு வருவதில்லை. சிறு நகரங்களில் பின்னிரவில் பதிவுபெற்ற மையம் திறந்திருக்காமலும் போகலாம். அங்கே மருத்துவரின் விரல்களும் மேலே சொன்ன மதிப்பெண்ணும்தான் பரிசோதனை.

எம்.ஆர்.ஐ., நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஆகியவை விதையின் ஒரு பகுதி மட்டும் இரத்தமிழந்திருப்பதைக் கண்டுபிடிக்கவும், கட்டியா இரத்தக் கசிவா என்று பிரிக்கவும் உதவுகின்றன. முறுக்கம் என்ற கேள்விக்கு அவை மிகவும் மெதுவானவை. விதைப்பையின் தோல் அழுகும் கொடிய தொற்றில், காற்று எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க சி.டி. ஸ்கேன் பயன்படுகிறது. அங்கேயும் அறுவை சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, ஸ்கேன் அறைக்கு வந்து சேரும்போது வலி நின்றுபோயிருக்கும் சிறுவன். முன்பும் இரண்டு மூன்று முறை இப்படி வந்து தானே சரியாகியிருக்கிறது என்று அவனே சொல்வான். விதை இயல்பாக இருக்கிறது, நிறம் இயல்பாக இருக்கிறது, நாண் நேராக இருக்கிறது. அறிக்கையில் எல்லாம் இயல்பு என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் விட்டு விட்டு முறுக்கி அவிழும் விதையின் வரலாறு இப்படித்தான் இருக்கும். அவனுக்கு எழுத வேண்டிய அறிக்கையில், வலி தொடங்கிய நேரமும் நின்ற நேரமும், ஸ்கேன் எடுத்தபோது வலி இல்லை என்ற குறிப்பும், தானே அவிழ்ந்த முறுக்கமாக இருக்க வாய்ப்புள்ளதால் சிறுநீரக அறுவை மருத்துவரை உடனே பார்க்க வேண்டும் என்ற வரியும் இருக்க வேண்டும். அவர் இரண்டு விதைகளையும் உள்ளே தையலிட்டு நிலைநிறுத்துவார். அதன் பிறகு அந்த வலி அவனை மறுபடி நள்ளிரவில் எழுப்பும் வாய்ப்பு மிக அரிது.